மணல், சிமெண்ட், ஜல்லி

அவர் வீட்டுச் சுவரில் மூன்று கட்சிகளின் காலண்டர்களும் வரிசையாகத் தொங்கும். மூன்றும் ஒரே உயரம். கண்ணால் பார்த்து மாட்டியதல்ல. ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்து ஆணி அடித்தது. ஏதாவது ஒரு கட்சிக்காரர் வருகிறார் என்று தெரிந்தால், வருகிறவருடைய காலண்டரில் மட்டும் அன்றைய தேதி தெரியும்படி தாளைக் கிழித்து வைப்பார். மற்ற இரண்டிலும் நேற்றைய தேதியே நிற்கும். வந்தவர் அதைக் கவனித்து மனம் குளிர்ந்து போவார். அவர் தெருமுனையைத் தாண்டியதும் மற்ற இரண்டு தாள்களையும் கிழித்து மூன்றையும் சமமாக்கிவிடுவார்.

எங்கள் காலனியில் அவரை மேஸ்திரி என்போம். கொத்து வேலை பார்க்கும் மேஸ்திரிகள் வேறு நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களைப் பெயர் சேர்த்துச் சொல்வோம். வெறுமனே மேஸ்திரி என்றால் அவர்தான். கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர்ப் பக்கம் அவருக்கு. நான் கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோதே அவர் மீசை நரைத்திருந்தது. நான் ஊதுபத்திக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் பேசுவது மறக்காமல் தங்கிவிடுகிறது.

போன வாரம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கி, மேஸ்திரி வீடு எது என்று கேட்டார். அவர் மகளோடு நஞ்சன்கூட்டுக்குப் போய்விட்டாரே என்றேன். வந்தவரின் முகம் தொங்கிப்போயிற்று. அப்படியானால் இந்தக் காலனி ஓட்டு யாருக்கு என்று இனி யாரைக் கேட்பது என்று என்னிடமே கன்னடத்தில் புலம்பினார். எனக்கும் இந்தக் காலனியில்தான் ஓட்டு. அது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை.

மேஸ்திரிக்கு எதையும் பங்கு போடாமல் இருக்க முடியாது. டீக்கடையில் ஒரு பன்னை வாங்கினால் பக்கத்தில் இருப்பவர்களை எண்ணிவிட்டுத்தான் பிய்ப்பார். எங்கள் காலனியில் இரண்டு பிள்ளையார் பந்தல் போடுவார்கள். இரண்டு கமிட்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மேஸ்திரி ஒரு பந்தலில் தேங்காய் உடைக்கும்போது இருப்பார், இன்னொன்றில் தீபாராதனைக்கு இருப்பார், சுண்டல் இரண்டிலும் வாங்குவார். அவருக்கு ஒரே மகள். மனைவி தவறிவிட்டாலும் படத்துக்கு ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கு ஒரு பாதுஷா வாங்கி வந்தாலும் நாலாகப் பிளப்பார் என்று அந்தப் பெண் சொல்லும். "நாலாவது யாருக்குப்பான்னு கேட்டா, யாராச்சும் வந்தா வேணுமில்ல கண்ணுங்கறார் ஆன்ட்டி. யாரும் வரமாட்டாங்க. எறும்புதான் வரும்."

அவர் பங்கு போட்டதிலேயே பெரியது எங்கள் ஓட்டு.

இதை எங்கள் சமையலறைச் சுவருக்குப் பூச்சு வேலை செய்ய வந்த அன்று அவரே விளக்கினார். முன்பெல்லாம் காலனி முழுவதும் ஒரே கட்சிக்குப் போடுமாம். ஓட்டு ரகசியம்தான். ஆனால் எண்ணும்போது மிஷின் மிஷினாக எண்ணுகிறார்கள், ஏஜெண்டுகள் எழுதிக்கொள்கிறார்கள். எங்கள் காலனிக்கு ஒரே ஒரு மிஷின். யார் போட்டார்கள் என்று தெரியாவிட்டாலும், எந்தத் தெரு போடவில்லை என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும்.

"ஒருக்கா தோத்தவனுக்குப் போட்டுட்டமுங்க. செயிச்சவன் அஞ்சு வருசம் எங்க தெரு விளக்கு எரியுதான்னு எட்டிக்கூடப் பாக்கல. சரின்னு அடுத்த தடவ மொத்தமா ஒருத்தனுக்குப் போட்டோம். அவனே செயிச்சான். போய்க் கேட்டா, உங்க ஓட்டு எப்படியும் எனக்குத்தானே, போடாத தெருவுக்கு மொதல்ல செஞ்சாத்தானே அவன் அடுத்த தடவ போடுவான்னு சொல்லிப்போட்டான்."

"அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டா என்ன மேஸ்திரி?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அவங்கவங்க இஷ்டத்துக்குக் கலவை போட்டா என்னாகுமுங்க? வெறும் சிமெண்டுன்னா வெடிச்சுப்போகும். வெறும் மணலுன்னா உதுந்துபோகும். வெறும் ஜல்லி நிக்கவே நிக்காது. மூணும் அளவா இருந்தாத்தான் சுவரு."

அன்றிலிருந்து எங்களுக்கும் கட்சிகள் மணல், சிமெண்ட், ஜல்லிதான். உண்மையான பெயரை யாரும் சொல்வதில்லை. தேர்தல் வந்தால் மேஸ்திரி வீடு வீடாக வருவார். சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், ஓதம் ஏறியிருக்கிறதா என்று விசாரிப்பார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அம்மிணி, இந்தத் தடவ உங்களுக்கு மணல்" என்பார். போன தடவை சிமெண்டாக இருந்த வீடு இந்தத் தடவை மணல், அடுத்த தடவை ஜல்லி. ஒரே வீடு ஒரே கட்சிக்குத் தொடர்ந்து போட்டால் அவர்களுக்கே அது கொள்கை என்று தோன்றிவிடும் என்று பயந்தார்.

கட்சிக்காரர்களுக்கும் ஒரு நம்பிக்கை வேண்டுமே. அதற்கு ஆணை இருந்தது. மாதேஸ்வரன் மலைச் சாமியின் படத்தைத் தாம்பாளத்தில் வைத்துக் கற்பூரம் ஏற்றி வீட்டுக்கு வீடு கொண்டுவருவார்கள். கையை நீட்டி, மாதப்பன் மேல் ஆணை, இன்ன கட்சிக்குத்தான் என்று சொல்ல வேண்டும். எல்லாக் கட்சியும் எல்லா வீட்டிலும் ஆணை வாங்கினால் சாமிக்குத்தானே குழப்பம். மேஸ்திரி அதை ஒழுங்கு செய்தார். மணல்காரர்களை மணல் வீடுகளுக்கு மட்டும் கூட்டிப்போவார். "இவ்வளவுதாங்க என்னால முடிஞ்சது. மத்தவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுங்க" என்பார். மனதில் இருப்பதை அவர்தான் போன வாரம் வைத்துவிட்டு வந்திருப்பார்.

இந்த ஆணையில் அவருக்கு விளையாட்டு கிடையாது. ஹனூர்க்காரர்களுக்கு மாதப்பன் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. சொன்ன சொல் தவறினால் மலைக்குப் போய்த் தலைமுடியைக் கொடுத்துவிட்டு, தப்பு என்று விழுந்து கும்பிட்டு வர வேண்டும். அப்படிச் செய்யாத ஒருவனுடைய வீடு என்ன ஆயிற்று என்று அவரிடம் ஒரு கதை உண்டு. கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கலவை நன்றாகத்தான் பிடித்தது. மூன்று கட்சியும் எங்கள் காலனியை இன்னும் கொஞ்சம் முயன்றால் கிடைத்துவிடும் இடமாக நினைத்தன. தண்ணீர்த் தொட்டிக்கு மணல் கட்சி தூண் எழுப்பியது. சிமெண்ட் கட்சி மேலே தொட்டியை வைத்தது. ஜல்லி கட்சி குழாய் போட்டது. மூன்று திறப்பு விழா, மூன்று ரிப்பன், மூன்று கல்வெட்டு. வந்தவர்கள் எல்லாருமே மேஸ்திரியின் தோளில் கை போட்டு, "நிம்ம காலனி நம்தே அல்வா?" என்று கேட்டார்கள். உங்கள் காலனி எங்களுடையதுதானே என்று அர்த்தம். மேஸ்திரி எல்லாரிடமும் ஒரே அளவு சிரித்தார். குக்கரும் மூன்று பேரும் கொடுத்தார்கள். எங்கள் காலனியில் எந்தப் பெண்ணும் கல்யாணச் சீராகக் குக்கர் கேட்பதில்லை.

மோரி மட்டும் நடக்கவில்லை. மேட்டிலிருந்து வரும் சாக்கடைக் கால்வாயை இங்கே மோரி என்போம். மழை பெய்தால் அது கீழ் வரிசை வீடுகளுக்குள் வந்துவிடும். என் வீடு கீழ் வரிசை. மூன்று கட்சியும் ஆளுக்கொரு இடத்தில் தோண்டின, ஆளுக்கொரு உயரத்தில் கல் கட்டின. ஒன்றோடு ஒன்று சேரவில்லை. தண்ணீர் மணலில் இறங்கி, சிமெண்டில் முட்டி, ஜல்லிக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தது.

மேஸ்திரியின் மகள் அப்போது ஒரு கிளினிக்கில் நர்ஸ். தமிழை விடக் கன்னடம்தான் அதற்கு நன்றாக வரும். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அதுதான் புடவையோ சுடிதாரோ முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தண்ணீரில் நடந்து வந்து ஊசி போடும். ஒரு தடவை என் மாமியார் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தோம். அதன் மேல் நின்றபடியே குளுக்கோஸ் ஏற்றியது. இறங்கும்போது சொன்னது: "தொட்டிய மூணு பேரு கட்டலாம் ஆன்ட்டி. மோரிய ஒருத்தர்தான் கட்டணும். அப்பாக்கு இது அர்த்தமே ஆகல்ல."

கடைசியாக நடந்த கார்ப்பரேஷன் எலெக்‌ஷனில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மூன்று கட்சிக்கும் அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. மூன்று தலைவர்களும் தங்கள் மனைவியை நிறுத்தினார்கள். போஸ்டரில் கணவர் பெரிதாகக் கும்பிட்டார். அம்மா மூலையில் பாஸ்போர்ட் அளவில் இருந்தார். ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே, யார் நிற்கிறார்கள் என்று தெரியும் முன்பே, மேஸ்திரி பங்கு போட்டு முடித்துவிட்டார். அக்ரஹாரத்தில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும் வேலை அவருக்கு வந்திருந்தது. ஓட்டு வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே போக நினைத்தார். தாம்பாளம் சுற்றியது, கற்பூரம் எரிந்தது, எல்லாரும் ஆணை செய்தோம். எனக்கு மணல். தன் வீட்டுக்கு வந்த ஜல்லியையும் அவர் எல்லார் முன்னாலும் சொன்னார். முதலில் கையை நீட்டியவர் அவர்தான்.

மனு கொடுக்கக் கடைசி நாள் அன்று நான் அவர் வீட்டில் இருந்தேன். என் மாமியாரின் மாத்திரைச் சீட்டைக் காட்டப் போயிருந்தேன். அந்தப் பெண் வெளியிலிருந்து வந்தது. செருப்பைக் கழற்றும்போதே, "அப்பா, நான் நாமினேஷன் ஹாக்கிட்டேன்" என்றது.

மேஸ்திரி காபி குடித்துக்கொண்டிருந்தார். "எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்ல. சுயேச்சை. பக்கெட் சின்னம் கேட்டிருக்கேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணினார். "மிச்சமில்லையே கண்ணு" என்றார்.

"என்ன மிச்சமில்ல?"

"வீடு. பங்கு போட்டு முடிஞ்சுபோச்சு. ஆணையும் ஆயிப்போச்சு. ஒரு வாரம் முன்ன சொல்லியிருந்தா நாலாப் பிரிச்சிருப்பனே."

"நாலா? உங்க மக நின்னாலும் நாலா?"

"பூராவும் உனக்கே குடுத்தா மத்த மூணு பேரும் நாளைக்கு…"

"சும்னே இருங்கப்பா" என்று கன்னடமும் தமிழுமாக அவர் வாயை அடைத்துவிட்டு உள்ளே போனது. நான் மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பின் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனது. நன்றாகப் பேசியது. மைக் இல்லை, கார் இல்லை. மற்ற மூன்று அம்மாக்களும் காருக்குள்ளிருந்து கையாட்டியபோது, இது மோரிக்குள் இறங்கி நின்று கல்லைக் காட்டியது. மற்றத் தெருக்களில், எங்களைத் தமிழர் காலனி என்று ஒதுக்கிப் பேசும் தெருக்களில்கூட, ஜனங்கள் வெளியே வந்து கேட்டார்கள். எங்கள் காலனியிலும் கேட்டோம். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டோம். மேஸ்திரி சொல்லட்டும் என்று காத்திருந்தோம். ஆணையை அவரே வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. அவர் அக்ரஹாரத்து வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார். காலையில் போய்ச் சாயங்காலம் வருவார். ஒரு வீட்டுச் சுவரையும் தட்டவில்லை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அது முப்பத்தொரு ஓட்டில் தோற்றது.

ஜெயித்தது சிமெண்ட். ஜெயித்த அம்மா காரிலேயே இருக்க, அவர் கணவர் இறங்கி வந்து மேஸ்திரிக்கு மாலை போட்டார். உங்கள் மகள் நல்ல ஃபைட் கொடுத்தாள், உங்கள் காலனி மட்டும் இல்லாவிட்டால் நான் காலி என்று கன்னடத்தில் சத்தமாகச் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். மேஸ்திரி மாலையோடு நின்றார். ஜன்னலில் அந்தப் பெண் நின்றது.

எங்கள் மிஷினில் அதற்கு விழுந்தது எழுபதுக்குக் கொஞ்சம் மேல். அத்தனையும் ஆணைக்கு நிற்காத இளவட்டங்களின் ஓட்டு என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் காலையிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொருத்தியும் வாசலில் செருப்பை விட்டதும் குரலைத் தாழ்த்துவாள்.

"உங்கப்பாட்ட சொல்லாத கண்ணு. ஆணைய மீறி ஒனக்குத்தான் போட்டேன்."

"எங்க வீட்ல நாலு ஓட்டும் பக்கெட்டுக்குத்தான். சாமி கண்ணக் குத்தினாலும் சரின்னு அமுக்கிட்டோம்."

"எனக்குப் பட்டனே தெரியல, ஆனா பக்கெட்டத் தேடி அமுக்கினேன் பாரு!"

ஒரே நாளில் அதற்கு எங்கள் காலனியிலேயே இருநூறு ஓட்டுக்கு மேல் விழுந்துவிட்டது. இரண்டு நாள் முன்னால் மிஷினில் விழாமல் போனதுதான் பாக்கி.

நான் போகவில்லை. நான் மணலுக்குத்தான் போட்டேன். கையை நீட்டிவிட்டேன், கற்பூரத்தின் சூடு கூட ஞாபகம் இருந்தது. அதற்காகப் போட்டேனா, மேஸ்திரி கண்டுபிடித்துவிடுவார் என்று போட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி மழை பெய்து மோரித் தண்ணீர் என் வாசற்படி வரை வந்தது. துடைத்துக்கொண்டே அழுதேன்.

பத்து நாள் கழித்து மாமியாருக்கு ஊசி போட வேண்டியிருந்தது. கிளினிக்கில் கேட்டால் லீவு என்றார்கள். வேறு வழியில்லாமல் அதன் வீட்டுக்குப் போனேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீடு வீடாகக் கொடுத்து மிஞ்சிய நோட்டீஸ்களைக் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு ஸ்டூலைக் காட்டியது.

"அம்மாடி, நான் மணலுக்குத்தான் போட்டேன்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஊசியைப் பற்றிப் பேசத்தான் போனேன்.

அது நிமிர்ந்து பார்த்தது. பிறகு சிரித்துவிட்டது. "கொத்து ஆன்ட்டி" என்றது கன்னடத்தில். " தெரியும். நீங்க ஒருத்தர்தான் வந்து சொல்லல."

"எல்லாருமா சொன்னாங்க?"

"எல்லாரும். அப்பா கூடச் சொன்னார்." சிரிப்பு நின்றது. "ரிசல்ட் வந்த அன்னிக்கு நைட்டு. அவ்ளோ நாளா பேசாதவர் வந்து கதவுகிட்ட நின்னு, கண்ணு, நான் ஒனக்குத்தான் போட்டேன்னார். நீங்களுமாப்பான்னு கேட்டுக் கதவச் சாத்திட்டேன்."

"ஒருவேளை நெஜமா இருக்குமோ என்னமோ."

"எங்கப்பாவா? மாதப்பன் மேல கை வச்சிட்டு மாத்திப் போடுவாரா? ஆறுதலுக்குச் சொல்றார் ஆன்ட்டி, எல்லாரையும் மாதிரி. ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினாக்கூட அத நாலு பேருக்குப் பிரிக்கறவர்."

"எங்க அவரு?"

"தெரியாது. முந்தாநேத்து வேலைன்னு சொல்லிட்டுப் போனார். அக்ரஹாரத்துல கேட்டா அங்க வரலேங்கறாங்க."

நோட்டீஸ் கட்டுக்குச் சணல் போதவில்லை. நான் உள்ளே போய் எடுத்து வந்தேன். திரும்பி வந்தபோது தெரு முழுவதும் ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். குழாயடியில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. தலை மொட்டை. நரைத்த மீசையும் இல்லை. மண்டை முழுக்கச் சந்தனம் பூசி, அது தூறலில் கரைந்து காதோரம் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன மேஸ்திரி, மொட்டை?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"வெயிலுங்க" என்றார் மேஸ்திரி. "தல சுடுது."

ஆணையை மீறி அந்தப் பெண்ணுக்கே போட்டதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய எல்லாரும் அந்தத் தெருவில்தான் நின்றிருந்தார்கள். நான் சொல்லாதவள், இருந்தாலும் நின்றிருந்தேன். ஒருவர் தலையிலும் ஒரு முடி குறையவில்லை. குழாயடியில் ஒருத்தி மெதுவாக முந்தானையை எடுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

அவர் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே போகலாமா என்று தெரியாதவர் போல மழையிலேயே நின்றார். மகளைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தது. மடியிலிருந்த நோட்டீஸ்கள் சரிந்து ஈரத்தில் விழுந்தன. அது எடுக்கவில்லை.

எழுந்து போய் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டது.

"உள்ள வாங்கப்பா" என்றது. "வெயில்ல நிக்காதீங்க."